மாணவ ஆசிரியர்களிடம் எதிர்ப்பு ஏதுமில்லை

நாமக்கல்லில் நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் மூன்று மாடிக் கட்டடம் மே மாதத்தில் இட்லிப் பானையாகிவிடுகிறது என்று கேள்விப்பட்டேன். லிஃப்ட் இரண்டாவது மாடிக்குப் போனதும் நின்று யோசிக்கிறதாம். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பொதுவாக அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் தகவல். பாவம், அதை விட்டுவிடுங்கள். நம் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தைப் புதுச்சத்திரம் பக்கத்திலிருந்து பெயர்த்து அங்கே கொண்டுவந்து நடலாம் என்று அறிக்கை எழுதியவன் நான். திட்டுகளை என் வீட்டு முகவரிக்குத் திருப்பிவிடலாம். ஓய்வு பெற்றவனுக்கு வேறு தபாலும் வருவதில்லை.

ஆனால் திட்டுவதை வெயிலுக்காகத் திட்டாதீர்கள். சரியான காரணம் வேறு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய இடத்தை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நெடுஞ்சாலையில் பேருந்தை விட்டு இறங்கி, சோளக்காட்டு ஓரமாக உள்ளே நடக்க வேண்டும். ஓட்டுக் கட்டடம். அதே சுற்றுச்சுவருக்குள் ஒரு தொடக்கப்பள்ளி. நம் மாணவ ஆசிரியர்கள் முதன்முதலாகக் குழந்தைகள் முன்னால் நின்று தொடை நடுங்குவதற்கென்றே அமைந்தது போன்ற பள்ளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாத நேரம் பார்த்து, எங்கள் கூட்ட அறையின் உளுத்த மரச்சட்டம் ஒன்று ஓடுகளோடு கீழே இறங்கிவிட்டது. திங்கட்கிழமை வந்து பார்த்தால், நான் வழக்கமாக நின்று உபதேசம் செய்யும் இடத்தில் சரியாக ஒரு குவியல்.

“உங்க பேச்சு ஓட்டுக்குக்கூடத் தாங்கல சார்” என்றார் முதல்வர்.

முதல்வர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். எங்களைப் போல வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ங்க’ ஒட்டாமலே மரியாதையாகப் பேசத் தெரிந்தவர். அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு, “நாமக்கல்ல புதுக் கட்டடம் தயாரா இருக்கு. போறதா, இங்கயே பழுது பாத்துக்கிட்டு இருக்கறதா, ரெண்டுலயும் என்ன லாபம், என்ன இழப்புன்னு ஒரு அறிக்கை எழுதுங்க” என்றார். கற்பித்தல் முறைகள் நடத்துகிறவனுக்கு எதையும் சீர்தூக்கிப் பார்க்கத் தெரியும் என்று அவருக்கு ஒரு மூடநம்பிக்கை.

எழுதினேன். ஆயுள் முழுக்கப் பாடத்திட்டம் எழுதிய கை அல்லவா, அறிக்கையும் பாடத்திட்டமாகவே வந்தது. நோக்கங்கள், ஊக்கமூட்டல், துணைக்கருவிகள், மதிப்பீடு. முதல்வர் வாசித்துவிட்டு, “லாரியில பெஞ்சு ஏத்தறதுக்கு ஊக்கமூட்டல் எதுக்கு சார்? பெஞ்சுக்கா, லாரிக்கா?” என்று கேட்டார். திருத்தி எழுதினேன். இந்தப் பக்கம் நல்ல கூரை, விடுதி, கணினி அறை, நூலகம். அந்தப் பக்கம் லாரி வாடகை, உடையப்போகும் கண்ணாடிக் குடுவைகள், பயிற்சிக்குப் புதிய பள்ளி தேட வேண்டிய அலைச்சல். புதிய கட்டடம் என் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை என்பதை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. எழுதக் கூசியதே என் நேர்மைக்குச் சான்று என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரே ஒரு தலைப்பு மிச்சமிருந்தது. மாணவ ஆசிரியர்களின் கருத்து.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். என் வகுப்பில் ஒரே ஒரு சட்டம் உண்டு என்பதை என்னிடம் படித்த எவரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்கக் கூடாது. ஒரு வகுப்பைப் பார்த்து ‘புரிஞ்சுதா’ என்றால், ‘புரிஞ்சுதுங்க சார்’ என்றுதான் வரும். மலையைப் பார்த்துக் கூவினால் மலை திருப்பிக் கூவுகிற மாதிரி. அது பதிலே அல்ல, நம் குரல்தான். ஒவ்வொரு பிள்ளையிடமும் போய், அது செய்வதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பயிற்சி வகுப்பில் யாராவது வாய் தவறி அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால், பாடத்தை முதலிலிருந்து தொடங்கச் சொல்வேன். இரண்டு முறை ஒருவரை அழவும் வைத்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட மேதை, மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மேடையேறி, மைதானத்தில் வரிசையாக நின்றவர்களைப் பார்த்துக் கேட்டேன்:

“நாமக்கல்லுக்கு மாறப் போறமுங்க. நல்ல கட்டடம், நல்ல விடுதி. யாருக்காச்சும் சிரமம் இருக்குதா?”

“இல்லைங்க சார்!”

புளியமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. எனக்கு மகிழ்ச்சி. கீழே இறங்கி, பதினான்காம் பக்கத்தில் எழுதினேன்: ‘மாணவ ஆசிரியர்களிடம் எதிர்ப்பு ஏதுமில்லை.’ கையெழுத்தும் போட்டேன். அறிக்கை மேலே போயிற்று.

சில நாள் கழித்து, தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசையில், குழந்தைகளுக்கான பெஞ்சில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தேன். பாடம் எடுத்தது கோமதி. முதலாண்டு மாணவி. அதே ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர். கணவர் லாரி ஓட்டுநர். வடக்கே போனால் திரும்ப வாரக்கணக்காகும். கழித்தல் பாடத்துக்குக் கோழிப்பண்ணையிலிருந்து முப்பது குழி முட்டை அட்டைகளைக் கொண்டுவந்திருந்தார். குழிக்கு ஒரு கூழாங்கல். ஒவ்வொரு பிள்ளையிடமும் போய்க் குந்தி உட்கார்ந்து, “எங்க, எனக்குச் செஞ்சு காட்டு சாமி” என்றார். நாற்பது நிமிடத்தில் ஒரு தடவைகூடப் பொதுவாக எதையும் கேட்கவில்லை. ஒரு பையன் தப்பாகக் கல்லை எடுத்தபோது ‘தப்பு’ என்று சொல்லாமல், அவன் எடுத்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனே திருப்பி வைத்தான்.

மதிப்பீட்டுத் தாளில் குறை எழுத ஒன்றுமில்லை. எனக்கு அதுவே எரிச்சல். வெளியே வந்து சொன்னேன்: “கோமதி, அடுத்த வருசம் அஞ்சாம் வகுப்பு எடுக்கோணும். இப்பவே தயாராயிக்க.”

“அடுத்த வருசம் நான் வர மாட்டனுங்க சார்.”

“ஏன்?”

“கட்டடம் மாறுதுங்களே.”

“மாறுனா என்ன? பஸ்ஸுல வரோணும், அவ்வளவுதானே.”

“எங்கத்தை படிக்க உட்டதே ஒரே பேச்சுலதானுங்க. பொழுதோட அஞ்சு மணிக்கு மாட்டுகிட்ட இருக்கோணும். பாலு கறந்து, அஞ்சரைக்குள்ள சொசைட்டில ஊத்தியாகோணும். மாடு வேற ஆளு கை வெச்சா உதைக்குமுங்க. இங்கிருந்துன்னா நாலரைக்கு மணியடிச்சா நடந்தே போயிருவேன். நாமக்கல்லுல இருந்து வந்தா பொழுது உழுந்துருமுங்களே.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தப்பு செய்தவனுக்கு வருகிற கோபம். “அன்னைக்குக் காலைல நான் மைக்குல கேட்டனல்ல? யாருக்காச்சும் சிரமமான்னு. நீயும் இல்லைன்னுதானே சொன்ன?”

“ஆமாங்க சார். அல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னனுங்க.” அவர் முட்டை அட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே, குறை சொல்கிற தொனி துளியும் இல்லாமல் சேர்த்தார்: “நீங்கதான் ‘புரிஞ்சுதா’ன்னு கேக்கற மாதிரியே கேட்டீங்க சார்.”

பணிக்காலத்தில் மேலதிகாரிகளிடம் வாங்கிய குறிப்பாணைகளை எல்லாம் கட்டி எடைபோட்டாலும் அந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

அன்று மாலையிலிருந்து, நானே சொல்லிக்கொடுத்தபடி, ஒவ்வொருவரிடமாகப் போய் உட்கார்ந்து கேட்டேன். ‘சிரமமா’ என்று கேட்கவில்லை. காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய், யார் சமைப்பார்கள், வீட்டுக்குப் போய் முதல் வேலை என்ன என்று கேட்டேன். ஒருத்திக்கு, தறிக்குப் போகும் அம்மா திரும்பும் வரை படுக்கையில் கிடக்கும் அப்பா. ஒருத்திக்கு, அண்ணன் கண்ணில் படாமல் பேருந்து ஏற முடியாது; விடுதி என்ற பேச்சே வீட்டில் எடுபடாது. இரண்டு கை விரல்களும் தீர்ந்தன. எல்லோரும் அன்று மைதானத்தில் உரக்கச் சொன்னவர்கள். என் காதுக்கு இனிமையாக இருந்த அந்தச் சத்தத்தில் பாதிக்கு மேல் இவர்களுடையது.

முதல்வரிடம் போனேன். ஒரு சின்னத் திருத்தக் கடிதம் கொண்டுபோயிருந்தேன். பதினான்காம் பக்கத்தில் தட்டச்சுப் பிழை நேர்ந்துவிட்டது என்று. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“டைப்பிங்ல தப்பா சார்?”

“இல்லீங்க.”

“அப்ப டைப் பண்ணவர் தலையில ஏன் போடறீங்க? உங்க தலை இருக்கே.” பிறகு சன்னல் வழியாகக் கூட்ட அறையைக் காட்டினார். “ஆனா ஒண்ணு. போக வேண்டாம்னு மட்டும் எழுதாதீங்க. அடுத்த ஓடு திங்கட்கிழமை விழுந்து ஒரு பொண்ணு போச்சுன்னா, உங்க கோமதியோட மாடா வந்து பதில் சொல்லும்?”

இதுதான், நண்பர்களே, எனக்கு எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் கிடைக்காத இடம். போனால் கோமதி படிப்பை விடுவார். இருந்தால் கூரை யார் தலையிலாவது விழும். இரண்டும் பொய்யில்லை. ஒன்றைப் பொய்யாக்கிவிட்டால் அறிக்கை எழுதுவது மிகவும் எளிது. பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறோம்.

ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி என் பழைய அறிக்கையை ஒரு கையிலும் நான் திருத்தி எழுதிய புதிய தாளை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டார்.

“எதிர்ப்பு ஏதுமில்லைன்னு இதுல கையெழுத்து யாரோடது?”

“என்னுதுதாங்க சார்.”

“சிரமம் இருக்குன்னு இதுல?”

“அதுவும் என்னுதுதாங்க சார்.”

“நீங்க என்ன, ரெண்டு ஆளா?”

“முத ஆளுக்குக் கேக்கத் தெரியலீங்க சார்” என்றேன்.

வாழ்நாளில் நான் சொன்ன ஒரே நல்ல வசனம் அது. வாய்க்குள்ளேயே சொன்னதால் அவர் காதில் விழவில்லை. “என்ன?” என்றார். இரண்டாம் முறை சொல்லும்போது அதில் சுவை போய்விட்டது.

நான் கேட்டது இவ்வளவுதான். புதிதாகச் சேர்பவர்கள் நாமக்கல்லுக்குப் போகட்டும். ஏற்கெனவே சேர்ந்த முதலாண்டுக்காரர்களில் முடியாதவர்கள் மட்டும் இரண்டாம் ஆண்டை இங்கேயே முடிக்கட்டும். தொடக்கப்பள்ளியில் தளம் போட்ட இரண்டு அறைகள் சும்மா கிடக்கின்றன. ஓடு கிடையாது, விழுவதற்கு ஒன்றுமில்லை.

அதிகாரி கூரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “பாடம் நடத்த யாரு வருவா? எல்லாரும் அங்க போயிருவாங்களே.”

சக ஆசிரியர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் தங்கள் நகங்களைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். நானும் என் நகத்தைப் பார்த்தேன். பிறகு, என் வாயிலிருந்துதான் ‘நான் வாரேன்’ என்று சத்தம் வந்தது. வீட்டுக்கு ஐந்து நிமிட நடையில் அலுவலகம் வந்து சேர்ந்த அதே ஆண்டில், தினமும் எதிர்த் திசையில் பேருந்து பிடித்த ஒரே மனிதன் இந்த மாவட்டத்தில் நான்தான். என் மனைவி இன்றும் விருந்தாளிகளுக்கு இதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

ஓராண்டுக்கு அனுமதி கிடைத்தது. ஓராண்டுக்கு மட்டும்.

அந்த ஓராண்டைப் பற்றி எழுதத் தொடங்கினால் கை நிற்காது. எனக்கு ஏங்குவதற்கென்று இந்தப் பணியில் ஏதாவது மிஞ்சியிருந்தால் அது அந்த இரண்டு அறைகள்தான். ஓட்டுக் கட்டடத்தை நான் நினைப்பதே இல்லை. சோளக்காடும் எனக்கு முக்கியமில்லை. நான் பேருந்து நிறுத்தத்திலேயே மூச்சு வாங்குகிறவன். உளவியலும் நானே, கணிதமும் நானே, உடற்கல்வியும் நானே. கபடிக்கு நான் நடுவராக நின்ற விதத்தைப் பார்த்துவிட்டு, “சார், நீங்க அக்கட்டால நெழல்ல உக்காருங்க, நாங்களே பாத்துக்கறமுங்க” என்று மரியாதையாக ஒதுக்கிவிட்டார்கள். தையல் வகுப்பில் பொத்தான் தைக்கக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுக்க வேண்டியவன் நான் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஒரு நாள் பிற்பகல், கோமதி ஐந்தாம் வகுப்பில் பின்னம் எடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். முந்தானையை இடுப்பில் செருகி, கையில் மாடு கட்டும் தும்புக் கயிறு. கோமதியின் மாமியார் என்று பார்த்ததுமே தெரிந்தது. கோமதியின் குரல் ஒரு நொடி தடுக்கியது. நான் எழுந்து போனேன்.

“மாடு கன்னு போடற மாதிரி இருக்குதுங்க. இவளக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

“கூட்டிட்டுப் போங்க” என்றேன்.

அவர் அசையவில்லை. மருமகள் கரும்பலகையில் ஒரு வட்டத்தைப் போட்டுப் பிரிப்பதையும், நாற்பது தலைகள் அவர் கை போகிற பக்கமெல்லாம் திரும்புவதையும் பார்த்துக்கொண்டே நின்றார். மணியடிக்கும் வரை நின்றார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“ஏனுங்க, இவ இத்தன பேசுவாளுங்களா? எங்கூட்டுல வாயே தொறக்க மாட்டா.”

அவர்கள் போவதற்குள் மாடு தானாகவே கன்று போட்டுவிட்டது என்று மறுநாள் கோமதி சொன்னார். ‘வேற ஆளு கை’ எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

எல்லோரும் தேறினார்கள். அறைகளைப் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். கோமதிக்கு அடுத்த ஊர்த் தொடக்கப்பள்ளியிலேயே தற்காலிக வேலை கிடைத்தது. எனக்கு நாமக்கல்லில் வரவேற்பு. முதல்வர் பொன்னாடை போர்த்தி, “மாட்டையும் காப்பாத்தி மாணவியையும் காப்பாத்தியவர்” என்று பேசினார். கைதட்டினார்கள். ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். முதுகுவலி வந்ததுதான் மிச்சம்.

அந்த ஆண்டு சேர்க்கை விண்ணப்பங்கள் என் மேசைக்கு வந்தன. மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் ஊர்ப் பெயரைப் பார்த்தேன். இராசிபுரம் இருந்தது. சங்ககிரி இருந்தது. பள்ளிபாளையத்திலிருந்துகூட விடுதிக்கு எழுதியிருந்தார்கள். புதுச்சத்திரத்தைச் சுற்றியுள்ள அந்த ஊர்களில் ஒன்றுகூட இல்லை. விண்ணப்பக் கட்டைப் புரட்டித் திரும்பவும் பார்த்தேன். படிப்பை விட்டுப் போகிறவர்களைத் தேடிப்போய் உட்கார்ந்து கேட்கலாம். நான் கேட்டேன், கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டேன். வரவே வராதவர்களிடம் எங்கே போய் உட்காருவது? என் அறிக்கையில் லாபம், இழப்பு என்ற இரண்டு பக்கத்திலும் அவர்களுக்கு இடமில்லை. அவர்கள் எழுதாத விண்ணப்பங்கள் எந்த மேசைக்கும் வருவதில்லை.

அடுத்த ஆண்டு நான் ஓய்வு பெற்றேன். நீங்கள் பணியில் சேர்ந்து அப்போது ஒரு மாதம் இருக்கும். என் கடைசி வாரத்தில், கீழ்த்தள வராந்தாவில் யாரோ கூப்பிட்டார்கள்.

“சாமி, என்னைய அடையாளந் தெரியுதுங்களா? கோமதி மாமியாளுங்க.”

வெள்ளைப் புள்ளி போட்ட நல்ல சேலை உடுத்தியிருந்தார். கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். “பெருசாத்தான் கட்டியிருக்கறாங்க.” பிறகு விஷயத்துக்கு வந்தார். “சின்னவனுக்குப் பொண்ணு எடுத்திருக்கறமுங்க. பன்னண்டாவதுல நல்ல மார்க்கு. வாத்தியாருக்குப் படிக்கோணுமுங்குது. எனக்கும் ஆசைதானுங்க. பெரியவ அன்னைக்குப் பேசுனதக் கேட்டதுலருந்து எனக்கும் ஆசைதான்.”

“பேஷாச் சேக்கலாங்க.”

“எத்தன மணிக்கு உடுவீங்க?”

“நாலரைக்குங்க.”

அவர் ஒவ்வொரு விரலாக மடக்கினார். பேருந்து நிலையம் வரை, அங்கே காத்திருப்பு, புதுச்சத்திரம் வரை, அப்புறம் நடை. “ஊடு சேர ஆறரை ஆயிருமுங்க. பெரியவளும் வேலைக்குப் போயிர்றா, மாடு இப்ப இந்தப் புள்ள கைக்குத்தான் பழகியிருக்குது. எனக்கு முட்டி மடங்கறதில்லீங்க, குந்தி உக்காந்து கறக்க முடியறதில்ல.” குரலைத் தணித்துக் கேட்டார்: “மூணு மணிக்கு உட்டாப் போதுமுங்க. இந்த ஒருத்திக்கு மட்டும். உட மாட்டாங்களா?”

“நான் சொல்ல முடியாதுங்களே. இந்த வாரத்தோட எனக்கு வேலை முடியுது.”

“அட, அப்போ நான் யாரக் கேக்கறதுங்க?”

உங்கள் அறையைக் காட்டினேன். கூடவே நடந்து போயிருக்கலாம், இருபது அடிதான். நான் கையை மட்டும் காட்டினேன்.

அவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, நிலைப்படி வரை போய் நின்றார். உள்ளே நீங்கள் எல்லோரும் கணினியில் வருகைப்பதிவை ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். நெட் அன்றைக்கு மிக மெதுவு, எனக்குத் தெரியும். யாரையும் நான் குறை சொல்லவில்லை. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு என்னிடம் திரும்பி வந்தார்.

“வேலையா இருக்கறாங்க சாமி. இன்னொரு நாளைக்கு வாரேன்.”

அவர் வந்தாரா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.